சிங்கப்பூரைத் தாண்டி ஏன் கனடாவுக்குப் போனார்கள்?

ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது: "யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் சிங்கப்பூர் பக்கம். இங்கே தமிழ் அதிகாரத்துவ மொழி, கோயில் குளம் இருக்கிறது, சட்டம் ஒழுங்கு இருக்கிறது. அப்படியிருக்க ஈழத்தமிழர்கள் ஏன் பத்து நாடுகளைத் தாண்டிக் கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் போய்த் தஞ்சம் கேட்டார்கள்? உயிருக்குப் பயந்து ஓடுபவர் முதலில் கிடைத்த இடத்தில் நின்றுவிட மாட்டாரா? உதவித்தொகைக்காகத்தான் பணக்கார நாடுகளாகப் பார்த்துப் போகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?"

நியாயமான கேள்வி. கேட்ட விதத்திலும் குத்தல் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், தம்பி பொறுமையாகப் படிக்க வேண்டும். நான் சிங்கப்பூரின் செம்பவாங்கில் வளர்ந்தவள், அப்பா கப்பல் பட்டறை ஊழியர். கல்யாணமாகி டொராண்டோ போனபிறகு ஒன்பது வருடம் தஞ்சக் கோரிக்கை வழக்குகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். இப்போது மறுபடியும் இங்கேதான். "ஏன் இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?" என்று வழக்கறிஞர்கள் கேட்க, அதை நான் தமிழில் திருப்பிக் கேட்டது நூறு தடவைக்கு மேல் இருக்கும். பதில்களும் என் வாய் வழியாகத்தான் ஆங்கிலமாகின. யாருடைய வழக்கையும் இங்கே சொல்லப்போவதில்லை. வேலைக்கு வெளியே நெருங்கிப் பழகிய ஒரு குடும்பத்தின் கதையை மட்டும், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயரும் ஊரும் விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

முதலில், "கிடைத்த இடத்தில் நின்றுவிட மாட்டாரா" என்கிறீர்களே, பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். ஐநா அகதிகள் ஆணையத்தின் கணக்குப்படி 2024 முடிவில் உலகம் முழுக்க வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டிருந்தவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர். அதில் 7 கோடிக்கும் அதிகமானவர்கள் சொந்த நாட்டு எல்லையையே தாண்டவில்லை. தாண்டியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பக்கத்து நாட்டில்தான் இருக்கிறார்கள். அகதிகள் அதிகம் இருக்கும் நாடுகள் என்று பார்த்தால் ஈரான், துருக்கி, கொலம்பியா, ஜெர்மனி, உகாண்டா என்று வரும். அந்த ஐந்தில் ஜெர்மனி ஒன்றுதான் நீங்கள் சொல்லும் பணக்கார நாடு.

ஈழத்திலும் அதே கதைதான். 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாண நகரத்திலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு நடந்தார்கள். அவர்களுக்குக் கனடா என்பது அப்போது நினைவில்கூட இல்லை. கடலைத் தாண்டியவர்களில் பல்லாயிரம் பேருக்கு ராமேஸ்வரம்தான் கரை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான் கடல். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த முகாம்களிலேயே பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, பிள்ளை பெற்றவர்கள் உண்டு. 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. ஆனாலும் அவர்களுக்குக் குடியுரிமை கிடையாது. 2019இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. நீங்கள் தொலைக்காட்சியில் பார்ப்பது கப்பலில் கனடா போய்ச் சேர்ந்த சில நூறு பேரை. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் முகாமில் முப்பது வருடமாகத் தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிற்பவரை யாரும் படம் பிடிப்பதில்லை.

சரி, இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இங்கேதான் இருக்கிறது.

அகதி என்பவர் யார், அவரை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்றெல்லாம் வரையறுத்தது 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம். சிங்கப்பூர் அதில் சேரவில்லை. மலேசியாவும் இந்தோனேசியாவும் தாய்லாந்தும் இந்தியாவும்கூடச் சேரவில்லை. தென்கிழக்காசியாவில் பிலிப்பீன்ஸ், கம்போடியா, கிழக்குத் தீமோர் மூன்றும்தான் சேர்ந்தவை. ஆக, இங்கே வந்து "எனக்குத் தஞ்சம் வேண்டும்" என்று மனுக் கொடுக்க ஒரு கவுண்டர் கிடையாது, பாரம் கிடையாது, கேட்டு முடிவு சொல்லும் ஆணையமும் கிடையாது. அரசாங்கம் இதை மறைத்ததும் இல்லை. சிறிய நாடு, நிலம் குறைவு, யாரையும் ஏற்கும் நிலையில் இல்லை என்று 2015இல் ரொஹிங்யா படகுகள் அந்தமான் கடலில் தவித்தபோதும் சொன்னார்கள். 2022 ஜூலை 14 நினைவிருக்கிறதா? இலங்கையின் அப்போதைய அதிபர் கோத்தபாய ராஜபக்ச மாலத்தீவு வழியாகச் சாங்கியில் வந்து இறங்கினார். அன்றைக்கே நம் வெளியுறவு அமைச்சு சொன்னது: அவர் வந்திருப்பது தனிப்பட்ட பயணம், தஞ்சம் கேட்கவும் இல்லை, கொடுக்கப்படவும் இல்லை, பொதுவாகவே சிங்கப்பூர் தஞ்சம் கொடுப்பதில்லை. நான்கே வாரத்தில் அவர் தாய்லாந்துக்குக் கிளம்பிவிட்டார். நாட்டின் அதிபருக்கே அந்தப் பதில் என்றால், பருத்தித்துறையில் மீன் பிடித்தவருக்கு என்ன பதில் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே அகதிகளே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. எங்கள் செம்பவாங்கிலேயே இருந்தார்கள். வியட்நாமிலிருந்து படகில் வந்தவர்களுக்காக ஹாக்கின்ஸ் சாலையில் 1978இல் ஒரு முகாம் திறந்தார்கள். 1996இல் மூடும்வரை 32,000க்கும் அதிகமானவர்கள் அதன் வழியாகப் போனார்கள். நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது, புளோக் கீழே இருந்த மளிகைக் கடைக்கு ஒரு வியட்நாம் அம்மா வருவார். மொழி தெரியாது. விரலை விரித்து ஆறு என்று காட்டி முட்டை வாங்குவார். பையன் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நிற்பான். இரண்டு மாதம் போனதும் அவரைக் காணவில்லை. கடைக்கார அண்ணனிடம் அம்மா விசாரித்தார். "அமெரிக்கா போய்ட்டாங்கக்கா, இங்க தங்க விடமாட்டாங்க" என்றார் அவர். விவரம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது: வேறொரு நாடு 90 நாளுக்குள் அழைத்துக்கொள்வதாக உத்தரவாதம் கொடுத்தால்தான் இங்கே கரையிறங்க விடுவார்கள். முகாமில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் கூடாது என்றும் வரம்பு வைத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்குச் சிங்கப்பூர் ஒரு பேருந்து நிறுத்தம். அவருக்கு அடுத்த நாட்டைத் தேர்ந்ததும் அவராக இருந்திருக்காது. எந்த நாட்டு அதிகாரி அவர் கோப்பில் முதலில் கையெழுத்துப் போட்டாரோ அந்த நாடு.

இனி மற்றப் பாதி. நான் சொன்ன குடும்பம். யாழ்ப்பாணத்து வடக்குக் கரையில் ஒரு கிராமம், ஒரே வீடு, மூன்று பிள்ளைகள். மூத்த அக்கா மண்டபம் முகாமில் போய் இறங்கினார். நடுவில் பிறந்த அண்ணன் சுவிஸ். கடைசித் தம்பி டொராண்டோ. ஒரே வீட்டில் பிறந்து, ஒரே ராணுவத்துக்குப் பயந்து ஓடியவர்கள். பிடித்த நாட்டை அவரவர் தேர்ந்தார்கள் என்றால் மூவரும் ஒரே நாட்டில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அண்ணன் முதலில் கிளம்பினார், 1984இல். 1983 ஜூலைக் கலவரம் நடந்து ஒரு வருடம் ஆகவில்லை. அப்போது தமிழ் இளைஞர்கள் நடுவே ஒரு வழி வாய்க்கு வாய் பரவியிருந்தது: மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினுக்கு மலிவான சோவியத் விமானம். ஷேனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைவழி விசா வாங்கி, ஃபிரீட்ரிஷ்ஷ்ட்ராஸே நிலையத்தில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் மேற்கு பெர்லின். அங்கே பாஸ்போர்ட் பார்க்க ஆள் இல்லை. காரணம் விசித்திரமானது. பெர்லின் முழுவதும் ஒரே நகரம், நடுவில் இருப்பது நாட்டு எல்லை ஆகாது என்பது மேற்கு நாடுகளின் நிலைப்பாடு. அங்கே சோதனைச் சாவடி போட்டால் எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் போடவில்லை. வல்லரசுகளுக்கு நடுவே இருந்த பனிப்போரின் ஒரு சட்டச் சந்து, வடமராட்சிப் பையன் ஒருவனுக்கு வாசலாக ஆனது. 1985, 86இல் இரண்டு ஜெர்மனிகளும் பேசி அந்த வழியை அடைத்தார்கள். இரண்டு வருடம் பிந்திப் புறப்பட்டிருந்தால் அண்ணன் ஐரோப்பாவுக்கே போயிருக்க மாட்டார். பெர்லினிலிருந்து சுவிஸ் எப்படி வந்தார் என்று கேட்டேன். கூட ரயிலில் வந்தவனுக்குப் பெர்ன் நகரத்தில் ஒரு சித்தப்பா இருந்தாராம். அவ்வளவுதான்.

அக்கா கிளம்பியது 1990இல். கணவர் இல்லை, இரண்டு குழந்தைகள், கையில் இரண்டு காப்பு. அதைக் கழற்றிப் படகுக்காரரிடம் கொடுத்தார். இரண்டு காப்புக்கு எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போனார். அதன் பெயர் ராமேஸ்வரம்.

தம்பி 1992இல். அவர் கதையில்தான் நீங்கள் கேட்கும் 'தேர்வு' என்பது கொஞ்சமாவது தலைகாட்டுகிறது. காணியை ஈடு வைத்தார்கள், சுவிஸிலிருந்து அண்ணன் உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் கைமாற்றிவிடும் முறையில், காசு அனுப்பினார். அண்ணனிடமே போயிருக்கலாமே என்று தோன்றும். அண்ணன்தான் தடுத்திருக்கிறார்: "எனக்கே இன்னும் விசா உறுதியில்லை, எப்ப திருப்பி அனுப்புவாங்கள் எண்டு தெரியாது, நீ இங்க வராதை." ஸ்காபரோவில் பெரியம்மாவின் மகன் இருந்தார். அவருக்குக் கனடாவில் வழக்கு ஏற்கப்பட்டு நிரந்தர வதிவுரிமை கிடைத்திருந்தது. காசு வாங்கிக்கொண்டு ஆட்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் விடும் ஏஜென்சிக்காரரிடம் அந்த மாதம் கனடா ரூட் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றும் சேர்ந்தன. தம்பி பின்னாளில் என்னிடம் சொன்னது: "அக்கா, எனக்குக் கனடா எங்க இருக்கெண்டே தெரியாது. குளிரெண்டு மட்டும் தெரியும். மச்சான்ர ஃபோன் நம்பரை அம்மா சாரத்தின்ர மடிப்புக்குள்ள வைச்சுத் தைச்சு விட்டவ." அந்தச் சாரத்தை, அதாவது லுங்கியை, அவர் இன்னும் வைத்திருக்கிறார். நீலமும் வெள்ளையும் கலந்த கட்டம் போட்டது. நூல் பிரித்த இடத்தில் துணியின் நிறம் மட்டும் மங்காமல் இருக்கிறது. அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தபோது, ஒன்பது வருட வேலையில் எனக்கு விளங்காத ஏதோ விளங்கிய மாதிரி இருந்தது.

ஆக, நான் கண்டவரை, கையில் இருக்கும் காசு, அந்த வருடத்தில் திறந்திருக்கும் வழி, போய்ச் சேரும் இடத்தில் கதவைத் தட்டினால் திறக்க ஒரு ஆள், போனபிறகு நிலைத்து இருக்க முடியுமா என்ற நம்பிக்கை, இவைதான் நாட்டைத் தீர்மானிக்கின்றன. முதல் இரண்டும் இல்லாதவருக்கு மற்ற இரண்டைப் பற்றி யோசிக்கவே இடம் கிடையாது. அதுதான் அக்கா.

வழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பலருக்கும் இது தெரியாது. தஞ்சம் கேட்பதற்கு என்று விசா எதுவும் கிடையாது. தூதரகத்தில் போய் வரிசையில் நின்று "என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், விசா கொடுங்கள்" என்றால் கிடைக்காது. அந்த நாட்டு மண்ணில் கால் வைத்தால்தான் கேட்க முடியும். கால் வைக்காமல் தடுப்பதற்குத்தான் விசா. முன்பு இலங்கையர் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் விசா இல்லாமலே பிரிட்டன் போகலாம். தமிழர்கள் வரத் தொடங்கியதும் 1985 மே மாதம் பிரிட்டன் இலங்கைக்கு விசா கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு அது விசா போட்டது அதுவே முதல் தடவை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய 58 தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது அவர்கள் விமான நிலையத்திலேயே உடைகளைக் களைந்து போராடினார்கள். அதே வருடம் அங்கே ஒரு சட்டம் வந்தது: சரியான ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம். அன்றிலிருந்து குடிநுழைவு அதிகாரியின் வேலையை விமான நிறுவன ஊழியர் பார்க்கத் தொடங்கினார். சாங்கியில் லண்டன் விமானத்துக்கு ஏறும் வாசலில் உங்கள் பாஸ்போர்ட்டை இரண்டாம் தடவை புரட்டிப் பார்க்கிறார்களே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

கதவு இப்படி அடைபட அடைபட ஏஜென்சிக்காரரின் விலை ஏறும். விலை ஏற ஏற, நாட்டை முடிவு செய்வது பயணியின் கையை விட்டு ஏஜென்சியின் கைக்குப் போகும். இலண்டன் என்று காசு வாங்கிக்கொண்டு ஆளைக் கொண்டுபோய்ப் பாரிசில் விட்ட கதைகள் எத்தனையோ. பாரிசில் வடக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பேல் பகுதியில் இன்றைக்குத் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அங்கே பிரெஞ்சு தெரிந்து வந்து இறங்கியவர்கள் எத்தனை பேர்? மொழி ஒரு காரணம் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆங்கிலம் படித்தவருக்குப் பிரிட்டனும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் எளிது. ஆனாலும் மொழியே அறியாத நார்வேயிலும் சுவிஸிலும் ஜெர்மனியிலும் பல்லாயிரம் தமிழர்கள் வேர் பிடித்திருக்கிறார்கள்.

நார்வே கதை எனக்கு மிகவும் பிடித்தது. குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் என்பவர் 1956இல் நார்வே போய் மீன்பிடித் தொழில்நுட்பம் படித்தார். நார்வேக்காரர்களின் உதவியோடு காரைநகரில் 'சீநோர்' என்ற மீன்பிடி நிறுவனம் எழுந்தது. அந்தத் தொடர்பில் சில இளைஞர்கள் படிக்கவும் வேலை பழகவும் அங்கே போனார்கள். போர் தொடங்கியபோது அந்த ஒருசிலர்தான் வழிகாட்டிகள். 1980களில் நார்வேயின் மக்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாணவராக விண்ணப்பித்து நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். பிறகு வடகோடியில், குளிர்காலத்தில் சூரியனே எட்டிப் பார்க்காத ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலைகளில் மீன் வெட்டினார்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவருக்கு ஆர்க்டிக் வட்டம்! உலக வரைபடத்தை விரித்து வைத்து வசதி பார்த்தவர் எவரும் அதைத் தேர்ந்திருக்க மாட்டார். தெரிந்த ஒரு மனிதர் அங்கே இருந்தார், அவர் பின்னால் போனார்கள்.

நிலைத்து இருப்பது என்று நான் சொன்னதற்கு, 1986இல் நடந்தது நல்ல உதாரணம். அந்த ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். உள்ளூர் மீனவர் ஒருவர் பனிமூட்டத்தில் கண்டு காப்பாற்றினார். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள். பிறகுதான் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்று தெரிந்தது. கனடாவில் பலருக்குக் கோபம்: "ஜெர்மனி பாதுகாப்பான நாடுதானே, அங்கேயே இருந்திருக்கலாமே?" உங்கள் கேள்வியேதான். ஆனால் ஜெர்மனியில் அவர்கள் எப்படி இருந்தார்கள்? முகாமில் தங்க வேண்டும், வேலை செய்யத் தடை, குடும்பத்தை அழைக்க வழியில்லை, வழக்கு எப்போது முடியும் என்றும் தெரியாது. குண்டு விழாது, அது பெரிய விஷயம்தான். ஆனால் இருபத்தைந்து வயதில் ஒரு ஆள் எத்தனை வருடம் கையைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பத்துக் காசு அனுப்பாமல் உட்கார்ந்திருப்பார்? ஊரில் காணி ஈட்டில் இருக்கிறது, தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாள்.

கனடாவில் அதற்கு முந்தைய வருடம் ஒன்று நடந்திருந்தது. 1985 ஏப்ரல் 4ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 'சிங் வழக்கு' என்று சொல்லப்படும் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தஞ்சம் கேட்டு நிராகரிக்கப்பட்ட சில சீக்கியர்கள் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கு அது. கனடா மண்ணில் நிற்கும் எவரையும், அவர் குடிமகனாக இல்லாவிட்டாலும், நேரில் உட்காரவைத்துக் கேட்காமல் தஞ்சக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். காகிதத்தைப் பார்த்து முடிவெடுத்த காலம் அன்றோடு போயிற்று. 1989இல் அதற்கென்றே தனி வாரியம் வந்தது. எனக்கு ஒன்பது வருடம் சோறு போட்ட வேலையே அந்தத் தீர்ப்பால் வந்ததுதான், ஏனென்றால் நேரில் கேட்க வேண்டுமென்றால் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே. ஈழத்தமிழர்கள் அந்தத் தீர்ப்பைப் படித்தார்களா? யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் "கனடாவில கூப்பிட்டு வைச்சுக் கதையைக் கேக்கிறாங்கள்" என்ற செய்தி ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போனது.

உதவித்தொகை விஷயத்துக்கு வருகிறேன். 2002இல் பிரிட்டன் உள்துறையே ஓர் ஆய்வு செய்து வெளியிட்டது. ராபின்சன், செக்ராட் என்ற இருவர் செய்தது. ஆப்கானிஸ்தான், கொலம்பியா, கொசோவோ, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து வந்த 65 பேரை உட்காரவைத்து விரிவாகப் பேசினார்கள். பிரிட்டனின் உதவித்தொகையைப் பற்றியோ தஞ்ச விதிகளைப் பற்றியோ விவரம் தெரிந்து வந்தவர்கள் மிகக் குறைவு என்பதுதான் கிடைத்த பதில். உறவினர் இருப்பது, ஏஜென்சிக்காரர் சொன்னது, பிரிட்டன் நியாயமான நாடு என்ற பொதுவான எண்ணம், காலனித் தொடர்பு, ஆங்கிலம், இவையே முன்னால் நின்றன. அரசாங்கம் தன் காசில் செய்து வெளியிட்ட ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். பொருளாதார அறிஞர் திமோதி ஹேட்டன் பல நாட்டுக் கணக்குகளை ஒப்பிட்டுச் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்: எல்லையை அடைப்பதும் தஞ்சக் கோரிக்கைகளை ஏற்பதைக் குறைப்பதும் வருகையைக் குறைக்கும், வந்தவரின் வாழ்க்கை வசதியைக் குறைப்பதால் பெரிய மாற்றம் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டென்மார்க் 2002இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கான உதவித்தொகையைப் பாதியளவு வரை வெட்டியபோது வருகை குறைந்தது என்று 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆக, பணம் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு மூன்று நாடுகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்மையிலேயே கிடைத்தவருக்கு அது தராசில் ஒரு படிக்கல். நான் பார்த்த ஈழத்தமிழரில் உதவித்தொகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியவர்களைவிட, எப்போது வேலை செய்ய விடுவார்கள் என்று கேட்டவர்கள் பல மடங்கு. கேட்டுவிட்டு, அடுத்த வாரமே உணவகச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவப் போனவர்கள்.

"முதலில் வந்த பாதுகாப்பான நாட்டில்தான் கேட்க வேண்டும் என்பது சட்டம்தானே" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். 1951 ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இல்லை. உள்ளே வந்த முறை தவறு என்பதற்காக அகதியைத் தண்டிக்கக் கூடாது என்று 31ஆம் பிரிவு சொல்கிறது. அதில் 'நேராக வந்தவர்' என்று ஒரு நிபந்தனை உண்டு. அதை வைத்து நீதிமன்றங்களில் வாதம் நடக்கும். ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட டப்ளின் ஏற்பாடும், 2004 முதல் கனடாவும் அமெரிக்காவும் வைத்திருக்கும் ஒப்பந்தமும் அப்படிப்பட்ட விதிகளைக் கொண்டவைதான். ஆனால் அவை அந்தந்த நாடுகளுக்குள் பேசி முடித்தவை. உலகத்துக்கெல்லாம் பொதுச் சட்டம் அப்படிக் கிடையாது.

இனி நம் வாசலிலேயே நடந்தவை. 2009 அக்டோபரில் 78 தமிழர்களை ஓர் ஆஸ்திரேலியக் கப்பல் கடலில் காப்பாற்றி இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்குக் கொண்டுபோனது. தானா மேராவில் படகேறினால் இரண்டு மணி நேரத்தில் நாம் விடுமுறைக்குப் போகும் அதே பிந்தான். அவர்கள் இறங்க மறுத்து ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே இருந்தார்கள். பலருக்குப் பிடிவாதமாகப் பட்டது. இந்தோனேசியா ஒப்பந்தத்தில் சேராத நாடு. அங்கே இறங்கினால் வேலை கிடையாது, குடியுரிமை கிடையாது, வேறு நாடு எடுத்துக்கொள்ளும்வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உலகத்தில் இருக்கும் அகதிகளில் ஒரு வருடத்தில் அப்படி எடுத்துக்கொள்ளப்படுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சில வாரங்களில் வேறு நாட்டுக்கு அனுப்புவதாக எழுத்தில் கொடுத்த பிறகுதான் அவர்கள் இறங்கினார்கள்.

அடுத்த வருடம் தாய்லாந்திலிருந்து புறப்பட்ட 'சன் சீ' கப்பலில் 492 பேர் பசிபிக்கைக் கடந்து கனடாவின் மேற்குக் கரையை அடைந்தார்கள். 2022 நவம்பரில் 303 இலங்கையரோடு கனடா நோக்கிப் போன ஒரு கப்பல் வியட்நாமுக்கு அப்பால் தத்தளித்தபோது, இலங்கைக் கடற்படை முதலில் உதவி கேட்டது சிங்கப்பூரின் கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்திடம். ஒரு ஜப்பானியக் கப்பல் அவர்களை ஏற்றி வியட்நாமில் இறக்கியது. 2021 அக்டோபரில் கனடாவுக்கு என்று புறப்பட்ட 89 தமிழர்களின் மீன்பிடிப் படகு ஓட்டையாகி, இந்தியப் பெருங்கடல் நடுவே பிரிட்டன் ஆட்சியில் இருந்த டியகோ கார்சியா ராணுவத் தீவில் ஒதுங்கியது. அந்தத் தீவின் பெயரையே முன்பின் கேள்விப்படாதவர்கள். மூன்று வருடத்துக்கு மேல் அங்கே கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்து, 2024 டிசம்பரில்தான் மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் பிரிட்டனைத் தேர்ந்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

தம்பியின் கேள்வியில் கடைசியாக ஒன்று மிச்சம் இருக்கிறது: தமிழ் பேசும் ஊர், கோயில் உள்ள ஊர், இங்கே நின்றுவிடலாம் என்று யாருக்குமே தோன்றவில்லையா? அந்தக் குடும்பத்தின் கடைசித் தம்பி 1992இல் டொராண்டோ போகும் வழியில் சிங்கப்பூரில்தான் பதினொரு நாள் இருந்தார். டன்லப் தெருவில் ஒரு விடுதி அறை, நான்கு பேர். ஏஜென்சிக்காரர் வரும்வரை சாப்பாட்டுக்கு மட்டும் கீழே இறங்குவார்களாம். போன வருடம் அவர் குடும்பத்தோடு இங்கே வந்தபோது நான்தான் தேக்காவைச் சுற்றிக் காட்டினேன். வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நின்று அவர் மகள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் கேட்டதையே அவரிடம் கேட்டேன். இவ்வளவு தமிழ்ப் பலகைகளைப் பார்த்தபோது, இங்கேயே நின்றுவிடலாம் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லையா என்று.

"நினைச்சனான் அக்கா" என்றார். "ஒவ்வொரு நாளும் நினைச்சனான். பாஸ்போர்ட்டில பதினாலு நாள் குத்தி விட்டவங்கள். பதினஞ்சாம் நாள் என்ன செய்யிறது?"